பலூனுக்கு விட்ட இடம்

செருப்பை உள்ளேயே விடு தாயி. வெளியில விட்டா எதிர்வீட்டு நாய் ஒத்தைச் செருப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிரும். ரெண்டையும் தூக்கினாலாவது தொலையட்டும்னு விட்டுரலாம். ஒத்தையாத்தான் தூக்கும், அதுக்கு அப்படி ஒரு குணம். உக்காரு. அவுக இல்ல, வெளிய போயிருக்காக. என்னமோ சொல்ல வந்தியே? இரு, மொதல்ல தண்ணியக் குடி, எல்லாம் பேசிக்கலாம். வேனு தெருமுனையிலேயே நிக்குதா? நிக்கட்டும். இந்தத் தெருவுக்குள்ள தண்ணி லாரியே பின்பக்கமாத்தான் வரும்.

நீ கண்காட்சிக்குப் படத்தை எடுத்துட்டுப் போக வந்திருக்க, தெரியும். மெட்ராஸ்ல உங்க மேடம் போன்லயே சொல்லிட்டாக, ஒரு பொண்ணு வரும், பேரு யாழினின்னு. மொத்தம் பதினாலு படம். பதிமூணைத் துணி சுத்தி, அட்டை வச்சுக் கட்டியாச்சு. பட்டாசுப் பெட்டி அட்டை, நல்ல கெட்டி. எங்க ஊர்ல அட்டைக்கா பஞ்சம். பதினாலாவது அந்தா, சுவத்துல சாத்திப் போர்வை போட்டிருக்கு பாரு, அதான். அதைத் தொடாத. இப்பத் தொடாத. அதைப் பத்தி உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். அவுக வர்றதுக்குள்ள சொல்லணும். அதைக் கேட்டுட்டு அப்புறமா நீ போர்வையைத் தூக்கு.

என்ன, நீ பேசணுமா? இரு இரு, நானே சொல்லிடுறேன். நடுவுல விட்டா எனக்கு மறந்து போகும்.

எங்க வீட்டுக்காரரு பேரு தனுஷ்கோடின்னு உனக்குத் தெரியும். ஆனா காமிக்ஸ் புஸ்தகத்துல வெறும் 'கோடி'ன்னுதான் கையெழுத்துப் போடுவாக. இருபத்திரெண்டு வருசம் இந்த ஊர்ல ஒரு காமிக்ஸ் கம்பெனிக்குப் படம் போட்டாக. நீ எங்க படிச்சிருப்ப, உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியுறப்ப கம்பெனியை மூடியாச்சு. ஏஜெண்ட் ஏகாம்பரம்னு ஒருத்தன். துப்பறிவான், பறப்பான், ரயிலு மேல ஓடுவான். அவனுக்கு நீலவேணின்னு ஒருத்தி. வில்லன் மாசாமாசம் அவளைத்தான் தூக்கிட்டுப் போவான். வேற வேலை இல்ல அவனுக்கு.

அந்த நீலவேணி நான்தான்.

சிரிக்காத. அப்ப நான் இப்படியா இருந்தேன். கல்யாணமாகி வந்த புதுசு, அவுகளுக்கு வேற எந்தப் பொம்பளை மூஞ்சியும் வரையத் தெரியாது. அதனால ஊர்ல இருக்குற எல்லாப் பொம்பளைக்கும் என் மூஞ்சி. நீலவேணிக்கு என் கண்ணு, வில்லனோட ஆத்தாளுக்கு என் மூக்கு, ஒரு தடவை குதிரைக்குக்கூட என் புருவத்தை வச்சுட்டாக. கேட்டா, குதிரை கோவமா இருக்கணும்ல, உன்னைத்தான் தெரியும்னாக.

நின்னு காட்டணும், அதான் பெரிய பாடு. கையில கரண்டியைக் குடுத்து, இதான் துப்பாக்கின்னுவாக. பெஞ்சு மேல ஏத்திவிட்டு, இதான் ஹெலிகாப்டர்னுவாக. ஒருநா தலையை விரிச்சுப் போட்டு, கரண்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பெஞ்சு மேல நிக்குறேன். இவுக கீழ உக்காந்து, 'இன்னும் கோவமா, இன்னும் கோவமா'ன்னு சத்தம் போடுறாக. எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி சன்னல் வழியாப் பாத்துட்டா. பாத்தவ ஓடிப்போய் வேப்பிலையும் சூடமுமா வந்து நிக்குறா. 'ஆத்தா, எம் மகளுக்குக் கல்யாணம் எப்ப முடியும், ஒரு வாக்குச் சொல்லு'ங்குறா. நான் என்ன செய்ய? இறங்கினா மானம் போகும். 'தை மாசம்'னு சொல்லிட்டேன். தை மாசமே முடிஞ்சுருச்சு தாயி. அதுலருந்து அவ என்னை நேருக்கு நேரா நிமிந்து பாக்க மாட்டா.

அதே பெஞ்சுலருந்து ஒருநா குதிக்கச் சொன்னாக. குதிச்சேன். கணுக்கால் பிசகிருச்சு. உசுரு போற வலி. கத்துறதுக்கு வாயைத் தொறக்குறேன், 'அப்படியே இரு, அந்த மூஞ்சியை மாத்தாத, ஒரு நிமிசம்'னு பென்சிலை எடுத்துட்டாக. அந்த மூஞ்சி அட்டைப்படத்துல வந்துச்சு. நல்லாத்தான் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

ஆனா என் வேலை நிக்குறது மட்டும் இல்ல. எழுத்தும் நான்தான். அது வெளிய யாருக்கும் தெரியாது. கம்பெனியில எழுத்துப் போட்டுக்கிட்டிருந்த பெரியவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு. நான் எங்க அம்மாவுக்கு எழுதின காயிதத்தை இவுக முதலாளிகிட்டக் காட்டி, 'இது எப்படி இருக்கு'ன்னு கேட்டிருக்காக. அவர் காயிதத்தை முழுசாப் படிச்சுட்டு, எழுத்து நல்லா இருக்கு, ஆனா உன்னைப் பத்தி இவ்வளவு திட்டியிருக்காளேன்னாராம். அன்னைக்கே வேலை குடுத்துட்டாரு.

அவுக படம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் மேல கொஞ்சம் இடம் விட்டு எங்கிட்டத் தருவாக. அந்த இடத்துல யாரு என்ன பேசுறாகளோ அதை நான் எழுதணும். சுத்தி முட்டை மாதிரி ஒரு கோடு வரும், பலூன்னு சொல்லுவோம். செல்லச்சாமின்னு ஒருத்தர் வசனம் எழுதுவாரு. நாலு வரி எழுதுவாரு. கட்டத்துல ஒன்றரை வரிக்குத்தான் இடம் இருக்கும். அப்ப யாரு வெட்டுறது? நான்தான் வெட்டணும். 'ஐயகோ, என் ஆருயிர் ஏகாம்பரம், இக்கொடியவர்களின் பிடியிலிருந்து என்னை என்று மீட்பீர்கள்'னு அவரு எழுதியிருப்பாரு. நான் 'எங்க போய்த் தொலைஞ்சீங்க?'ன்னு எழுதி விட்டுருவேன். இடம் இல்லேல்ல, என்ன செய்ய.

இடம் இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன், அது வேற விசயம்.

நீலவேணி பேசுறது நல்லா இருக்குன்னு வாசகர் கடிதமா வந்து குவியுது. செல்லச்சாமிக்கு ஒரே பெருமை. டீக்கடையில உக்காந்து, பொம்பளை மனசு எனக்கு அத்துபடின்னு பேசுவாராம். நமக்கு வேலை நடந்தாச் சரி.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. மொதல்ல என் கை நின்னுச்சு. அஞ்சாறு வருசத்துல கம்பெனியே நின்னுச்சு. இவுக ரெண்டு வருசம் சும்மா உக்காந்திருந்தாக தாயி. பேப்பரைத் தொடல. சாப்பிடக் கூப்பிட்டா வருவாக, சாப்பிடுவாக, போய் உக்காந்துக்குவாக. அந்த ரெண்டு வருசத்தை நான் மறுபடி பாக்க மாட்டேன். எது வேணா நடக்கட்டும், அது மட்டும் வேணாம்.

ஒருநா காலையில எந்திரிச்சுப் போய் ஆயில் கலரும் துணியும் வாங்கிட்டு வந்தாக. எங்க வீட்டு பிளாஸ்டிக் சேரு, கால் உடைஞ்சு சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன், அதை வரைய உக்காந்தாக. மூணு மாசம். ஒரு சேருக்கு மூணு மாசம். ஹெலிகாப்டர், தீ, முதலை, ரயிலு எல்லாத்தையும் ஒரு பகல்ல போட்டு முடிச்ச மனுசன். நான் போய்ப் பாத்தேன். சேரு சேராட்டமே இருந்துச்சு. கயித்துல நான் போட்ட முடிச்சுகூட அப்படியே இருந்துச்சு. 'இதுல என்ன கதை'ன்னு கேட்டேன். 'கதை எல்லாம் இல்ல, இருக்குறது இருக்குற மாதிரி'ன்னாக. இருக்குறதுதான் வீட்டுலயே இருக்கே, அதை எதுக்கு இன்னொரு தடவை வரையணும்னு கேட்டேன். பிரஷைக் கழுவப் போயிட்டாக.

அப்புறம் சைக்கிள் கடை வாசல், தண்ணிக் குடம் வரிசை, வெயில்ல காயுற தீக்குச்சித் தட்டு, இப்படி ஒவ்வொண்ணா. நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாக. யாரோ போன்ல படம் பிடிச்சுப் போட்டு, உங்க மேடமே கார்ல வந்து இறங்கிட்டாக. எல்லாம் சந்தோசம்தான். ஆனா எனக்கு மட்டும் ஒண்ணு கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு. நீ கவனிச்சியா? எந்தப் படத்தை எடுத்தாலும் மேல இடப்பக்கம் ஒரு இடம் சும்மா கிடக்கும். சேரு படத்துல வெறும் சுவரு. சைக்கிள் கடையில வெறும் வானம். குடத்துக்கு மேல வெறும் வெயிலு.

அது பலூனுக்கு விட்ட இடம் தாயி.

இருபத்திரெண்டு வருசம் இடம் விட்டு விட்டு அந்தக் கை பழகிப் போச்சு. இவுகளுக்கே தெரியல. நான் சொன்னேன், 'வசனத்துக்கு இடம் விட்டிருக்கீக'ன்னு. 'அது சுவரு'ன்னாக. சுவரு எனக்குத் தெரியாதா, இந்தச் சுவத்துக்கு வெள்ளை அடிச்சதே நான். உங்க மேடம் வந்து நின்னு, மூக்குக் கண்ணாடியக் கழட்டி மாட்டி, 'இந்த வெறுமை, இந்த வெறுமைதான் சார் உங்க பலம்'னாக. இவுக தலையை ஆட்டுறாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, காப்பி போடப் போறேன்னு அடுப்படிக்குப் போயிட்டேன்.

இரு தாயி, இப்ப விசயத்துக்கு வந்துட்டேன். நீ சொல்றதை அப்புறம் கேக்குறேன்.

மேடம் போறப்ப, சார் நீங்க மனுசங்களை வரையவே இல்லையே, ஒரு ஆள் படம் பெருசா ஒண்ணு வேணும்னு சொல்லிட்டுப் போனாக. இவுக யோசிச்சாக. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே ஆசை. வெளிய காட்டிக்கல. ஆனா மூணு நாளா நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, வெளிச்சம் விழுற இடமாப் பாத்துப் பாத்து நின்னேன். சன்னல்கிட்ட நின்னு வெண்டைக்காய் நறுக்கினேன். நாலாம் நாளு அலுத்துப் போய், சாயம் போன பச்சைச் சேலையோட அடுப்படி ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், அப்ப வந்து 'அசையாத'ன்னாக.

நாப்பத்திரெண்டு மத்தியானம் உக்காந்தேன். நாப்பத்திரெண்டும் பேசினேன். என்னால சும்மா உக்கார முடியாது, உனக்கே தெரிஞ்சிருக்கும். சின்ன வயசு, எங்க அப்பா, பிசகின கணுக்கால், பெத்துக் குடுக்க முடியாம போன கதை, செல்லச்சாமிக்குக் கிடைச்ச பேரு, எல்லாம் சொன்னேன். கேட்டாகளா, கேக்கலையா, தெரியாது. 'ம்'னுகூடச் சொல்ல மாட்டாக. பிரஷு மட்டும் துணியில உரசிக்கிட்டே இருக்கும்.

கண்ணு போடுற அன்னைக்குத்தான் அந்தப் பாலு. அடுப்புல அரை லிட்டர் பாலை வச்சுட்டு வந்து உக்காந்துட்டேன். ஸ்டூல்லருந்து பாத்தா அடுப்பு நேரா தெரியும். பாலு மெல்ல ஏறுது. 'பால் பொங்குது, எந்திரிக்கட்டுமா'ன்னேன். அவுக பிரஷைக் கலர்ல தோய்ச்சாக. பாலு விளிம்புக்கு வந்துருச்சு. மறுபடி கேட்டேன். 'அசையாத, இந்தப் பார்வைதான், இதேதான்'னாக. மூணாவது தடவையும் கேட்டேன். பாலு பொங்கி வழிஞ்சு, அடுப்பே அணைஞ்சு, கேஸ் வாடை வந்தப்புறம்தான் தலையத் தூக்கி, 'என்ன வாடை?'ன்னாக.

என்ன கேக்குற? நான் ஏன் எந்திரிக்கலையா? அதென்ன கேள்வி. அவுக அசையாதன்னாகல்ல.

சரி, அதை விடு. படம் முடிஞ்சுச்சு. நான் போய் நின்னு பாக்குறேன். நான்தான். இந்த மரு, இந்த நரை, இந்தச் சேலையில பின்னு குத்தின ஓட்டை, எல்லாம் நான்தான். ஆனா வாயி மூடியிருக்கு. கெட்டியா மூடியிருக்கு. நாப்பத்திரெண்டு நாளும் தொறந்திருந்த வாயி. 'ஏன் என் வாயை அடைச்சீக'ன்னேன். 'தொறந்த வாய் ஒரு நொடிதான் நிக்கும், மூடின வாயைத்தான் வரைய முடியும்'னாக. தலைக்கு மேல பாத்தா, இருக்குற படத்துலயே பெரிய இடம். வெறும் சுவரு. ஒரு பக்கத்து வசனம் எழுதலாம்.

அது போகட்டும்னு விட்டுட்டேன். சத்தியமா விட்டுட்டேன். அப்புறம்தான் உங்க மேடம் அழைப்பிதழ் அனுப்பினாக. அட்டையில என் படம். கீழ 'மௌனம்'னு பேரு. அதுக்குக் கீழ எழுதியிருக்கு பாரு, எனக்கு மனப்பாடம். 'ஆயிரம் ஆண்டுப் பெண்ணின் மௌனம் இந்தக் கண்களில் உறைந்திருக்கிறது. அவள் எதையும் கேட்கவில்லை.'

என் நாத்தனா அதை வாசிச்சா. வாசிச்சுட்டு என்னைப் பாத்தா. மறுபடி அட்டையைப் பாத்தா. அப்புறம் சிரிச்சா பாரு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. 'மௌனமா? மதினி, நீங்களா?'ங்குறா. தெரு முழுக்கப் போய்ச் சொல்லிட்டா. காய்கறிக்காரன்கூட, 'என்னக்கா இன்னைக்கு மௌனம் இல்லையா'ங்குறான். வேப்பிலை கொண்டுவந்தாளே பொன்னுத்தாயி, அவ இத்தனை வருசத்துக்கு அப்புறம் என்னை நிமிந்து பாத்துச் சிரிக்குறா. சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா மெட்ராஸ்ல என்னைத் தெரியாதவுக வருவாகளே. வந்து நின்னு, பாவம், இந்தப் பொம்பளை வாயே தொறந்திருக்க மாட்டான்னு பாத்துட்டுப் போவாகளே. அப்புறம் யாரோ ஒரு பெரிய மனுசன் வாங்கி வீட்டுல மாட்டுவான். நான் செத்தப்புறமும் அந்தச் சுவத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். என்னால முடியாது தாயி. நான் ஊமை இல்ல. அந்தப் படம் ஊமையா அங்க போகக்கூடாது.

அதனால எழுதிட்டேன்.

ஆமா. படத்து மேலதான். அந்தச் சுவத்துல.

இரு, எந்திரிக்காத. முழுசாக் கேளு. முந்தாநாள் பகல்ல அவுக பெட்டி செய்யுற ஆசாரியைப் பாக்கப் போயிருந்தாக. என் பழைய நிப்பும் மசியும் பரண்ல இருந்துச்சு, எடுத்தேன். ஆயில் பெயிண்டு மேல மசி நிக்கல, உருண்டு உருண்டு ஓடுது. முந்தானையால துடைச்சுட்டு அவுக கறுப்பு கலரையே எடுத்து, டர்பண்டைன்ல இளக்கி, இருக்குறதுலயே மெல்லிசான பிரஷால எழுதினேன். மொத எழுத்து கோணிருச்சு, துடைச்சேன். இருபது வருசத்துக்கு மேல ஆச்சுல்ல. மறுபடி எழுதி, அதையும் துடைச்சேன். மூணாவது தடவை கை தன்னால பழைய பழக்கத்துக்கு வந்துருச்சு. அந்த அரை மணி நேரம் நான் எவ்வளவு சந்தோசமா இருந்தேன்னு சொன்னா நீ நம்ப மாட்ட. மறைக்குறதுக்கு என்ன இருக்கு, பாட்டுக்கூடப் பாடினேன்.

என்ன எழுதினேன்னு கேளு. எழுத நினைச்சது எவ்வளவோ. கணுக்கால் வலியை எழுதலாமா, செல்லச்சாமி கதையை எழுதலாமா, பெறாத பிள்ளையைப் பத்தி எழுதலாமான்னு யோசிச்சேன். சுவரு பெருசுதான், ஆனா எழுத்து கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்னா ஒன்றரை வரிக்கு மேல போகக்கூடாது. அதான் என் தொழிலு. வெட்டினேன். இதை வெட்டு, அதை வெட்டுன்னு வெட்டி வெட்டி, கடைசியில அன்னைக்கு நான் வாயால சொன்னது மட்டும்தான் மிஞ்சுச்சு.

'பால் பொங்குது. எந்திரிக்கட்டுமா?'

அவ்வளவுதான். அதுல என்ன ஆயிரம் வருசம் இருக்கு? உங்க மேடம் அந்தக் கண்ணைப் பாத்துட்டு என்னென்னமோ எழுதிட்டாக. அது பாலைப் பாக்குற கண்ணு. பொங்கப் போற பாலை எந்திரிச்சு இறக்க முடியாம உக்காந்து பாத்தா யாரு கண்ணும் அப்படித்தான் இருக்கும். இதை விளக்கமாச் சொன்னா மேடமே புரிஞ்சுக்குவாக. நீதான் சொல்லணும். நீ படிச்ச பிள்ளை.

இன்னைக்குக் காலையில அவுக போர்வையத் தூக்கிட்டாக. காய்ஞ்சிருக்கான்னு பாக்கத்தான் தூக்கினாக. நான் அடுப்படியில தேங்காய் துருவிக்கிட்டிருந்தேன். தேவையே இல்ல, சத்தத்துக்காகத் துருவினேன். துருவுறதுக்குத் தேங்காயும் தீந்து போச்சு. அப்புறம் கூப்பிட்டாக, 'ராசகனி'ன்னு. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருசமோ ஆச்சு.

போய் நின்னேன். 'இது என்ன?'ன்னாக. 'வசனம்'னேன்.

'இதை எப்ப சொன்ன?'

'கண்ணு போட்ட அன்னைக்கு.'

'அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?'

'மூணு தடவை சொன்னேன்'னேன்.

படத்துல இருக்குற கண்ணையே பாத்துக்கிட்டு நின்னாக. அப்புறம் போர்வையப் பழையபடி மூடிட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு, காப்பிகூடக் குடிக்காம வெளிய போயிட்டாக. போய் மூணு மணி நேரமாச்சு. போன் அடிச்சா எடுக்கல.

எனக்குப் பயமா இருக்கு தாயி. இவ்வளவு நேரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினேன்ல, உள்ள ஒரே பயம். அறுபத்தோரு வயசுல மொத மொதல்ல ஒரு மனுசனுக்கு மெட்ராஸ்ல படம் மாட்டுறாக. அதைப் போய் நான் கெடுத்துட்டேனோன்னு இருக்கு. மறுபடி அந்த ரெண்டு வருசம் மாதிரி உக்காந்துட்டாகன்னா நான் என்ன செய்வேன்? டர்பண்டைன் போட்டுத் துடைச்சா இன்னைக்குப் போயிரும், இன்னும் முழுசாக் காயல. அவுக வந்து துடைச்சாலும் துடைப்பாக. நானே துடைச்சுருவோமான்னு ரெண்டு தடவை துணியை எடுத்துட்டேன். எடுத்துட்டுப் போய் நின்னா, அந்த எழுத்து அவ்வளவு அழகா வந்திருக்கு. கை வரல.

நீ ஒண்ணு சொல்லு. நீ இதைப் பாக்காத மாதிரி இப்பவே கட்டி எடுத்துட்டுப் போயிரேன். மாட்டினப்புறம் யாரு என்ன செய்ய முடியும்? மேடம் கேட்டா, வழியில எழுத்து வந்துருச்சுன்னு சொல்லு. சரி, அது வேணாம். எம் மேல பழியப் போடு. அந்தப் பொம்பளை என்னைப் பேசவே விடலைன்னு சொல்லு.

என்ன தலையை ஆட்டுற? முடியாதா?

என்னது?

யாரு, அவுகளா? உனக்கா? எப்ப? ஏழரைக்கா? வேன்ல வந்துக்கிட்டிருக்குறப்பவா போன் பண்ணினாக?

என்ன சொன்னாக? இல்ல, அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு. படத்துல எழுத்து இருக்கும், யாரும் தொடக்கூடாதுன்னாகளா. ம். அப்புறம்? 'மௌனம்'கிற பேரை எடுத்துரச் சொன்னாகளா. அழைப்பிதழை வேறயா அடிக்கணும்னாகளா. மேடத்துக்கும் அவுகளே போன் பண்ணினாகளா? மேடம் என்ன சொன்னாக? ஒத்துக்கலையா. அதுக்கு அவுக? 'அப்படின்னா படம் வராது'ன்னாகளா? அவுகளா சொன்னாக? இந்த மனுசன், கடையில அழுகின தக்காளியைக் குடுத்தாலும் பேசாம வாங்கிட்டு வர்ற மனுசன். மேடத்துகிட்ட அப்படிச் சொன்னாகளா.

வேற ஒண்ணும் சொல்லலையா. எங்கிட்ட ஏன் சொல்லாமப் போனாக? வீட்டுல நிக்குறேன்ல நானு. ஏழரை மணிக்குத் தெருவுல நின்னு உனக்குச் சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்கு, எதிர்ல நிக்குற எங்கிட்டச் சொல்லத் தெரியலையா.

இரு, கண்ணுல தூசி. தேங்காய் துருவின கை.

அது சரி, நீயாவது வந்ததும் வராததுமா இதைச் சொல்லியிருக்கலாம்ல? இவ்வளவு நேரமா நான் பாட்டுக்குப் பயந்துக்கிட்டு, ஊர்க் கதை எல்லாம் உங்கிட்ட...

சொன்னியா? எப்ப?

வாசல்லயா. செருப்பைக் கழட்டுறப்பவா. அப்புறமுமா. எத்தனை தடவை? நாலா?

சரி. இந்தா, இந்த முக்காலியை இழுத்துப் போட்டு நானும் உக்காந்துக்கிறேன். மொதல்லருந்து சொல்லு தாயி. அவுக குரல் எப்படி இருந்துச்சு, அதுலருந்து சொல்லு. நான் வாயைத் தொறக்கல.